வேற்றுமை ஏற்கும் இதயம்: ஜெர்மன் மொழி குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைப் பாடங்களைப் படித்து வருகிறேன். நடுப்பால் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால்) பெயர்ச்சொல் ஒருமையில் நான்காம் வேற்றுமை ஏற்கும்போது சொல் மாறாது, அதன் முன்னால் நிற்கும் ‘டாஸ்’ என்ற ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் ‘the’ போன்ற சொல்) மட்டும் ‘டெம்’ ஆகும் என்று பாடத்தில் இருந்தது. ஆனால் இதயத்தைக் குறிக்கும் ‘டாஸ் ஹெர்ட்ஸ்’ ஓரிடத்தில் ‘டெம் ஹெர்ட்ஸன்’ என்று வந்திருக்கிறது. இது அச்சுப்பிழையா, அல்லது பன்மையா?

பதில்: அச்சுப்பிழையும் அன்று, பன்மையும் அன்று, ஒருமைதான். நீங்கள் படித்த விதியும் சரியானதே. ‘டாஸ் கிண்ட்’ (குழந்தை) ‘டெம் கிண்ட்’ என்றும், ‘டாஸ் பைன்’ (கால்) ‘டெம் பைன்’ என்றும் வரும்; பெயர் அப்படியே நிற்க, ஆர்ட்டிகிள்தான் வேற்றுமையைக் காட்டும். பெயரடையிலிருந்து பிறந்த பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த வழக்கத்துக்கு அடங்காமல் நான்காம் வேற்றுமை ஒருமையில் ‘-என்’ விகுதி பெறும் நடுப்பால் பெயர்ச்சொல் இன்றைய ஜெர்மன் மொழியில் ‘ஹெர்ட்ஸ்’ ஒன்றுதான்.

அதன் வடிவங்களைச் சொல்லிவிடுகிறேன். எழுவாயாக வரும்போது ‘டாஸ் ஹெர்ட்ஸ்’. இரண்டாம் வேற்றுமையிலும் அதே ‘டாஸ் ஹெர்ட்ஸ்’. நான்காம் வேற்றுமையில் ‘டெம் ஹெர்ட்ஸன்’, ஆறாம் வேற்றுமையில் ‘டெஸ் ஹெர்ட்ஸன்ஸ்’. பன்மையில் எல்லா வேற்றுமைகளுக்கும் ‘ஹெர்ட்ஸன்’ என்ற ஒரே வடிவம்தான். அங்கே ஆர்ட்டிகிள் மட்டும் மாறிக்கொள்ளும். எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு தமிழர் திகைக்க வேண்டியதில்லை. ‘நூல் படித்தான்’ என்று ஐ உருபை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள்தானே நாம்.

உண்மையில் குழப்பம் வருவது அந்த இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் இடையில்தான். ‘ஔஃப்’ (மேல்) என்ற முன்னிடைச்சொல், ஓரிடத்தை நோக்கிய அசைவைச் சொல்லும்போது இரண்டாம் வேற்றுமையையும், ஓரிடத்தில் இருப்பதைச் சொல்லும்போது நான்காம் வேற்றுமையையும் வேண்டும். ஆகவே ‘ஹாண்ட் ஔஃப்ஸ் ஹெர்ட்ஸ்’ (‘ஔஃப்ஸ்’ என்பது ‘ஔஃப் டாஸ்’ என்பதன் சுருக்கம்) என்பதில் சொல் மாறாது. கையை நெஞ்சின் மேல் வை என்பதே அதன் நேர்ப்பொருள், நாம் ‘நெஞ்சைத் தொட்டுச் சொல்’ என்று கேட்கும் இடத்தில் அவர்கள் அதைச் சொல்வார்கள். ‘வாஸ் ஹாஸ்ட் டூ ஔஃப் டெம் ஹெர்ட்ஸன்?’ என்பதிலோ சொல் மாறிவிடுகிறது; நெஞ்சில் ஏற்கெனவே ஏதோ ஒன்று கிடக்கிறது, அது என்ன என்று கேட்கும் கேள்வி அது. இந்த இரண்டு தொடர்களையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டால் போதும், அட்டவணையைப் புரட்டும் வேலை பெரும்பாலும் இருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச்சலுகை?

பதில்: சலுகை என்பதைவிட, பழைய உடைமையை விடாமல் வைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஏறத்தாழ கி.பி. 750 முதல் 1050 வரை வழங்கிய பழைய உயர் ஜெர்மன் மொழியில் இதயம், கண், காது, கன்னம் ஆகியவற்றைக் குறித்த நடுப்பால் பெயர்கள் ஒரே முறையில் வேற்றுமை ஏற்றன. பின்னாளில் அந்தக் கூட்டம் கலைந்தது. கன்னம் பெண்பாலாகி ‘டீ வாங்கெ’ என்றானது. கண்ணும் காதும் (‘டாஸ் ஔகெ’, ‘டாஸ் ஓர்’) ஒருமையில் பொது விதிக்குள் போய்விட்டன. ‘ஔகென்’, ‘ஓரென்’ என்ற பன்மைகளில் மட்டும் பழைய ஈறு தங்கியிருக்கிறது. இதயம் ஒன்றே ஒருமையிலும் அதைக் காப்பாற்றியது. ஆறாம் வேற்றுமையில் பழைய ‘-என்’ ஈற்றின் மேல் பிற்காலத்தில் ஒரு ‘ஸ்’ ஏறிக்கொண்டதால்தான் ‘ஹெர்ட்ஸன்ஸ்’ என்ற வடிவம் கிடைத்தது. ‘டெர் நாமெ’ (பெயர்) போன்ற சில ஆண்பால் சொற்களும் ‘டெம் நாமென்’, ‘டெஸ் நாமென்ஸ்’ என இதே போக்கில் செல்கின்றன. ஆனால் அவை இரண்டாம் வேற்றுமையிலும் மாறி ‘டென் நாமென்’ ஆகும்.

கேள்வி: உடல் உறுப்புகளின் பாலை அறிய ஏதாவது விதி உண்டா?

பதில்: நம்பத்தக்க விதி இல்லை. தலை (‘டெர் கோப்ஃப்’) ஆண்பால், கை (‘டீ ஹாண்ட்’) பெண்பால், முழங்கால் (‘டாஸ் க்னீ’) நடுப்பால். ‘எ’ என்ற ஒலியில் முடிவன பெரும்பாலும் பெண்பால் என்பது உதவும்; மூக்கு, நாக்கு, உதடு ஆகியவை அப்படித்தான். கண் அதற்கும் விலக்கு. உறுப்புகள் அனைத்தையும் அஃறிணையில் அடக்கிவிட்ட மொழியிலிருந்து வருகிற நாம், ஒவ்வொன்றையும் ஆர்ட்டிகிளோடு சேர்த்தே படிப்பதுதான் வழி.

கேள்வி: ‘என் இதயம் வலிக்கிறது’ என்பதற்கு ‘மைன் ஹெர்ட்ஸ்’ என்று தொடங்கி எழுதினேன். ஆசிரியர் அதை ‘மீர் டூட் டாஸ் ஹெர்ட்ஸ் வே’ என்று மாற்றினார். ‘மைன்’ என்பது தவறா?

பதில்: தவறில்லை, ‘மைன் ஹெர்ட்ஸ்’ என்று தொடங்கும் தொடர்கள் நிறையவே உண்டு. ஆனால் வலி, கழுவுதல், தொடுதல் போன்றவற்றில் ஜெர்மானியர் உறுப்புக்கு உரியவரை நான்காம் வேற்றுமையில் சொல்லி, உறுப்புக்கு ஆர்ட்டிகிள் மட்டும் கொடுப்பதையே இயல்பாகக் கொள்கிறார்கள். இது நமக்குப் புதிதல்ல. தலை வலிக்கும்போது நாம் ‘என் தலை வலிக்கிறது’ என்பதைவிட ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். அந்த ‘எனக்கு’தான் ‘மீர்’. நீங்கள் ஆங்கிலத்தின் வழியே யோசித்ததால்தான் ‘மைன்’ வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தமிழின் வழியே யோசித்திருந்தால் முதல் முயற்சியிலேயே சரியாக வந்திருக்கும். வினை யாரோடு இயைகிறது என்பதிலும் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. ‘எனக்குக் கண்கள் வலிக்கின்றன’ என்பதில் வினை பன்மையாவதுபோலவே, ‘மீர் டூன் டீ ஔகென் வே’ என்பதிலும் ‘டூட்’ என்ற ஒருமை வினை ‘டூன்’ எனப் பன்மையாகிறது. ‘கைகளைக் கழுவுகிறேன்’ என்பது ‘இஹ் வாஷெ மீர் டீ ஹெண்டெ’. இங்கே மட்டும் தமிழ் ‘எனக்கு’ என்று சொல்லாது, ஜெர்மன் சொல்லும்.

கேள்வி: வானொலி அலைவரிசையில் வரும் ‘ஹெர்ட்ஸ்’ இதே சொல்லா?

பதில்: ஒலி ஒன்று, சொல் வேறு. அந்த அலகு ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரின் பெயரால் வந்தது. எழுத்தில் ஒரு ‘ட்’ கூடுதலாக இருக்கும். அதுவும் நடுப்பால்தான், ஆனால் எந்த வேற்றுமையிலும் உருமாறாது.

கேள்வி: மருத்துவக் கட்டுரை ஒன்றில் ‘ஆம் ஹெர்ட்ஸ்’ என்றே பார்த்தேன். ‘ஆம் ஹெர்ட்ஸன்’ என்றல்லவா இருக்க வேண்டும்?

பதில்: ‘ஆம்’ என்பது ‘ஆன் டெம்’ என்பதன் சுருக்கம் என்பதால் உங்கள் எதிர்பார்ப்பு நியாயமானது, தேர்வில் அப்படியே எழுதுங்கள். இருப்பினும் உடலுறுப்பை மட்டும் கருதும் மருத்துவ நடையில் ‘டெம் ஹெர்ட்ஸ்’, ‘டெஸ் ஹெர்ட்ஸெஸ்’ என்று பொது விதிப்படி எழுதுவதும் ஏற்கப்படுகிறது. உணர்வைச் சொல்லும் மரபுத்தொடர்களில் அந்த உரிமை கிடையாது: ‘டாஸ் லீக்ட் மீர் ஆம் ஹெர்ட்ஸன்’ (அது எனக்கு மிக முக்கியம்) என்பதில் ஈற்றை விட்டால் காதுக்கு இடறும். கூட்டுச்சொற்களிலும் ஏறக்குறைய இதே பிரிவினையைக் காணலாம். இதய வால்வு ‘ஹெர்ட்ஸ்கிளாப்பெ’, மாரடைப்பு ‘ஹெர்ட்ஸின்ஃபார்க்ட்’ என வெறும் சொல்லோடு சேர, மனமார்ந்த ஆசை ‘ஹெர்ட்ஸன்ஸ்வுன்ஷ்’ என நீண்ட வடிவத்தோடு சேர்கிறது. இதை உறுதியான விதியாகக் கொள்ள வேண்டாம். ‘ஹெர்ட்ஸ்ஷ்மெர்ட்ஸ்’ என்பது பெரும்பாலும் காதல் வேதனையைத்தான் குறிக்கும், அதில் நீண்ட வடிவம் இல்லை.