இசையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாங்கள் நான்கு பேர். ஊடகவியல் பாடத்துக்காக ஒரு த்ரில்லர் படத்தின் ட்ரெய்லரை உருவாக்கவேண்டும். படம் எடுக்கப்போவதில்லை, ட்ரெய்லர் மட்டும்தான், 90 வினாடி. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் தனி மதிப்பெண் உண்டு. இதுவரை 14 ட்ரெய்லர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறோம். 40 பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தினோம். 62 ஷாட்டுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தாயிற்று. ஷாட் பட்டியலையும் குறிப்புகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போனில் எடுப்பதா, கேமராவை வாடகைக்கு எடுப்பதா என்று எங்களுக்குள் ஒரு வாரமாகச் சண்டை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இசை, சவுண்ட் எஃபெக்ட் எல்லாம் எடிட்டிங் முடிந்தபிறகு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடைசி வரி இருக்கிறதே, ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’, அதைச் சும்மா விட முடியவில்லை. மாணவர் ட்ரெய்லர்கள் பத்தில் ஒன்பது தோற்பது அந்த ஒரு முடிவில்தான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போன் போதும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஃபோகஸையும் லாக் செய்யுங்கள். வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 வினாடி என்று கையால் வைக்க ஒரு செயலி வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் படம் துடித்தால் உங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். 60 என்றால் ஷட்டர் 1/60. கேமராவுக்கு வைத்திருந்த வாடகைப் பணத்தில் ஒரு மைக் எடுங்கள். ஒரு வாரம் சண்டை போடுகிற விஷயம் இதில் எதுவும் இல்லை. கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் வேலை நடப்பதுபோல ஒரு நினைப்பு வரும், அவ்வளவுதான்.

கருத்துக்கணிப்பையும் பார்த்தேன். ‘உங்களுக்கு த்ரில்லர் பிடிக்குமா?’ என்று 40 பேரைக் கேட்டு, 31 பேர் ஆம் என்றார்கள் என வட்ட வரைபடம் போட்டிருக்கிறீர்கள். அழகான வரைபடம். அதைப் பார்த்து உங்கள் ஷாட் ஒன்றாவது மாறியதா? மாறாது. ஐந்து பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து ஸ்டோரிபோர்டு படங்களை ஒலியோடு ஓட்டிக் காட்டுங்கள். யாருக்கு ஆபத்து, யாரிடமிருந்து, எந்த இடத்தில் சலித்தது என்று மூன்று கேள்வி போதும். அவர்கள் கண் திரையைவிட்டு விலகும் வினாடியை ஓரமாக உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் ஆய்வு என்று மதிப்பெண் கேட்க அந்தத் தாளுக்குத்தான் தகுதி உண்டு.

இனி அந்த 14 ட்ரெய்லர்கள். குறிப்புகளில் ‘இருண்ட ஒளி’, ‘வேகமான கட்’, ‘பதற்றமான இசை’ என்று 14 முறை எழுதியிருக்கிறீர்கள். இதை எழுத ட்ரெய்லர் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, சுவரொட்டி போதும். பதினொன்றைத் தள்ளிவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் மென்பொருளில் ஏற்றி, ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் (அதுதான் ‘கட்’) ஒரு மார்க்கர் போடுங்கள். பிறகு ஒரு அட்டவணை: ஷாட் தொடங்கும் நேரம், ஃப்ரேம் கணக்கில் நீளம், க்ளோஸப்பா வைடா, கேமரா அசைகிறதா, அந்த ஷாட் முடியும்போது நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது. ஒலிக்கு மட்டும் ஒரு நெடுவரிசை போதாது, மூன்று வேண்டும்: பேச்சு, இசை, மற்ற சத்தம். ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதைக் கவனமாகக் குறியுங்கள்.

அட்டவணை முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆள் நடக்கிறார், கதவு திறக்கிறது, மூச்சு நிற்கிறது, ஏதோ உடைகிறது. பயம் முழுக்க அங்கேயே இருக்கும். அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டுங்கள். வெறுமனே சிலர் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் ட்ரெய்லரில் பேச்சே கிடையாது. அலறலா அபாயச் சங்கா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்தான் அத்தனை துண்டுகளையும் கட்டி இழுத்துப் போகிறது.

உங்களுக்கு இது இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் உங்களிடம் படம் இல்லை. படம் இருப்பவர் இரண்டு மணி நேரக் காட்சிகளிலிருந்து பொறுக்கி எடுக்கிறார். அவருடைய ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு காட்சி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் துண்டுக்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பி, ‘இதற்குப் பின்னால் முழுப்படம் இருக்கிறது’ என்று நம்பவைக்க ஒலியால்தான் முடியும். அதைக் கொண்டுபோய், கட்டி முடித்த சுவருக்கு வெள்ளையடிப்பதுபோலக் கடைசியில் பூசுகிறேன் என்கிறீர்கள்!

ஆகவே வரிசையை மாற்றுங்கள். படப்பிடிப்புக்கு முன்பே 90 வினாடி ஒலித்தடம் ஒன்று தயாராக வேண்டும். கரடுமுரடாக இருந்தால் போதும். வசனத்தை நீங்களே பேசிப் பதியுங்கள், சத்தங்களை வாயால்கூட எழுப்பலாம். ஸ்டோரிபோர்டு படங்களைப் போனில் எடுத்து அதன்மேல் அடுக்கினால் அனிமேட்டிக் தயார். எந்த ஷாட் தேவை, எது எவ்வளவு நீளம் என்று அதுவே சொல்லிவிடும்.

தாளத்தை ஃப்ரேமோடு பொருத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 100 தட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தட்டு 0.6 வினாடி, சரியாக 15 ஃப்ரேம். 125 தட்டு என்றால் 12 ஃப்ரேம். ஆனால் 120 தட்டு வைத்தால் 12.5 ஃப்ரேம் வரும். அரை ஃப்ரேமில் கட் செய்ய முடியாது. தட்டும் கட்டும் மாறிமாறி ஒட்டியும் விலகியும் போகும், ஏன் இடறுகிறது என்றே புரியாமல் நள்ளிரவுவரை உட்கார்ந்திருப்பீர்கள். 24 ஃப்ரேமில் எடுத்தால் 120 தட்டு பொருந்தும் (12 ஃப்ரேம்), 90-ம் பொருந்தும் (16 ஃப்ரேம்), 100 பொருந்தாது.

100 தட்டு என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் 25 வினாடியில் இசையே வேண்டாம்; இடத்தின் ஓசையும், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு தாழ்ந்த ரீங்காரமும் போதும். மூன்று நான்கு வினாடி நீளத்தில் 7 ஷாட். 25-இல் தட்டு நுழைகிறது. 42 வரை நான்கு தட்டுக்கு ஒரு கட், சுமார் 7 ஷாட். 60 வரை இரண்டு தட்டுக்கு ஒரு கட், 15 ஷாட். 78 வரை தட்டுக்கு ஒரு கட், 30 ஷாட். பிறகு இரண்டு வினாடி எல்லாம் நிற்கவேண்டும். 80-இல் ஓர் அடி, தலைப்பு. 84-க்குப் பின் ஒரே ஒரு ஷாட், அது முடிந்ததும் பெயர்கள். மொத்தம் 60 ஷாட். நீங்கள் வரைந்திருப்பது 62. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, நீளங்கள்தான் இல்லை. உங்கள் பட்டியலில் எல்லா ஷாட்டுக்கும் ‘1–2 வினாடி’ என்று போட்டு வைத்திருக்கிறீர்கள்.

கட் தட்டிலேயே விழவேண்டும் என்பதில்லை, ஒரு ஃப்ரேம் இப்படி அப்படிப் போகலாம். போவதென்றால் படம் முன்னால், ஒலி பின்னால். ஒலி சற்றுத் தாமதித்தால் மனம் பொறுத்துக்கொள்ளும், முந்தி வந்தால் உடனே உறுத்தும்.

அந்த இரண்டு வினாடி நிசப்தத்தைப் பற்றி. டைம்லைனில் வெறும் இடம் விட்டால் அது நிசப்தமாகக் கேட்காது. கோப்பு கெட்டுவிட்டது என்று பார்ப்பவர் ஒலியளவைத் தொடப்போவார். அங்கே ரூம் டோன் ஓடவேண்டும், அதாவது யாரும் பேசாமல் அசையாமல் நிற்கும்போது அந்த இடம் எழுப்பும் ஓசை. ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பதியுங்கள். ‘கிளம்பலாம்’ என்று யாராவது மூட்டை கட்ட ஆரம்பித்தால் அதட்டுங்கள். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, போன் அழைப்பு எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு பதியவேண்டும்.

வசனம் நான்கு வரி போதும், ஐந்துக்குமேல் வேண்டாம். ஷாட் எடுத்த அதே இடத்தில், அதே மைக்கில், கேமரா இல்லாமல் ஒவ்வொரு வரியையும் மூன்றுமுறை தனியாகச் சொல்லவைத்துப் பதியுங்கள். ட்ரெய்லரில் பாதி வசனம் வேறு யாரோ முகத்தின்மேல்தான் ஓடப்போகிறது. மைக் வாயிலிருந்து ஒரு கை தூரத்துக்குள் இருக்கட்டும். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ அப்படியே நிற்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பது அதனால்தான். எடிட்டிங்கில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். மைக்கை வைத்தபின், பேச்சு உச்சத்தில் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொடும் அளவில் பதியுங்கள் (பூஜ்யம்தான் மேல்வரம்பு), திடீர் அலறலுக்கு இடம் இருக்கும். ஒலியைப் போனில் அல்லாமல் தனிக் கருவியில் பதிவதானால், பிறகு படத்தோடு பொருத்த ஷாட்டின் தொடக்கத்தில் ஒரு கைதட்டல்.

‘ஹிட்’ என்று இணையத்தில் தேடி எடுக்கும் அந்தப் பெரிய அடி இருக்கிறதே, எல்லாரும் அதே கோப்பைத்தான் எடுக்கிறார்கள். நீங்களே செய்யலாம். மூன்று அடுக்கு வேண்டும். முன்னால் காய்ந்த குச்சி ஒடிவதுபோன்ற கூர்மையான சின்னச் சத்தம். நடுவில் கனமான கதவை அறைவது. வாலுக்கு ஒரு இரும்புத் தட்டைத் தட்டி அதை மெதுவாக்கியது. பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கும், கால் வேகத்தில் இரண்டு. மென்பொருளில் சுருதியை மாறாமல் காக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இப்படி மெதுவாக்கியது மங்கலாகத்தான் ஒலிக்கும், அதைச் சரிக்கட்டத்தான் முன்னால் குச்சி. மூன்றின் தொடக்கமும் ஒரே ஃப்ரேமில் விழவேண்டும். 90 வினாடிக்குள் இப்படிப்பட்ட அடி மூன்றுக்குமேல் வேண்டாம். நான்காவது வரும்போது யாரும் அசையமாட்டார்கள். இதயத்துடிப்புச் சத்தம் வேண்டவே வேண்டாம்.

ஹெட்ஃபோனில் நெஞ்சு அதிரும் 40 ஹெர்ட்ஸ் ரீங்காரம் போன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும், அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. அதே ஒலியின் இன்னொரு பிரதியை மூன்று நான்கு ஸ்தாயி மேலே ஏற்றி மெல்லச் சேர்த்தால் எதிலும் கேட்கும்.

கடன் வாங்கும் இசைக்கு ஒரு எச்சரிக்கை. கிரியேட்டிவ் காமன்ஸ் (ஆக்கியவரே பிறர் பயன்படுத்த நிபந்தனையோடு தரும் உரிமம்) என்று போட்டிருந்தாலே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ‘என்.டி.’ (மாற்றி ஆக்கியதை வெளியிடக்கூடாது) என்ற எழுத்துகள் இருந்தால் அந்த இசையை வீடியோவோடு சேர்த்து வெளியிடக்கூடாது. படத்தோடு நேரம் பொருத்தி இணைப்பதையே அந்த உரிமம் புதிய ஆக்கமாகக் கொள்கிறது. ‘பி.ஒய்.’ என்றால் ஆக்கியவர் பெயர் போடவேண்டும். எடுத்த அன்றே பெயர், உரிமம், இணைய முகவரி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சமர்ப்பிக்கும் நாளில் தேடினால் கிடைக்காது.

உங்கள் ஷாட் பட்டியலுக்கு வருகிறேன். 20 முதல் 55 வரை ஒரே துரத்தல். ஒரே இடம், ஒரே சட்டை, ஒரே மாலை. இது ட்ரெய்லர் இல்லை, 90 வினாடிக் குறும்படம். முழுப்படத்தின் கதையை ஒரு பக்கத்தில் எழுதி, குறைந்தது ஐந்து இடம், மூன்று உடை, பகலும் இரவும் வரும்படி அதிலிருந்து கணங்களைப் பிய்த்தெடுங்கள். துரத்தலுக்கு எட்டு ஷாட் ஒதுக்கினால் தாராளம்.

ஷாட் 33-இல் பூங்காவில் ஒருவன் கத்தியோடு ஓடுகிறான். அட்டைக் கத்திதான், தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இட உரிமையாளரின் எழுத்து அனுமதி, காவல்துறைக்கு முன்கூட்டியே தகவல், உடன் ஒரு பெரியவர், ஷாட் முடிந்ததும் கத்தி பைக்குள். இது நான்கும் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள்.

ஷாட் 58-இல் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டுகிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். 59-இலிருந்து 62 வரைக்கும் வேலை இல்லாமல் போகும், அவற்றையும்தான். காலியாகும் இடத்தில் படத்தைப் பற்றி யோசிக்காமல் முதலில் ஒலித்தடத்தைச் செய்து எனக்கு அனுப்புங்கள். படம் எதுவும் சேர்க்காமல், வெறும் ஒலியாக.