செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கும் வரை இந்தப் படபடப்பை என்ன செய்வது?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன், வயது 38. பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிற அண்ணன் ஒருவர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது, இடது பக்கம் குத்துகிறது, கை மரக்கிறது, ராத்திரி உறக்கமே இல்லை. கொரோனா சமயத்தில் வாங்கின ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாகர்கோவிலில் டாக்டரைப் பார்க்க செவ்வாய்க்கிழமைதான் டோக்கன். அதுவரை என்ன செய்ய?

பதில்: இசிஜிக்கு மட்டும் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கு வெட்டுக்கு லீவு போட்டுவிட்டு குழித்துறையிலோ தக்கலையிலோ அரசு மருத்துவமனைக்குப் போய் எடுத்துவிடுங்கள். நான் பயந்துபோய் இதைச் சொல்லவில்லை, இந்த வயதில் நெஞ்சில் குத்து என்று யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். நார்மல் என்று வந்தபிறகு எதற்கும் இன்னொரு இடத்தில் எடுத்துப் பார்ப்போமே என்று மனசு அரிக்கும், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

நெஞ்சை அமுக்குகிற வலி சில நிமிஷங்களுக்கு மேல் விடாமல் நின்றாலோ, தாடைக்கோ கைக்கோ ஏறினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, மூச்சு முட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, வாய் கோணினாலோ யோசிக்கவே வேண்டாம், 108. வாய்வாகத்தான் இருக்கும் என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்கிற ஆட்கள் நம்ம ஊரில் நிறைய. உண்மையில் எனக்கு உங்களை விட அவர்களை நினைத்தால்தான் பயம்.

இப்போது உங்கள் விஷயம். விடியுமுன்னே எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏற்ற இறக்கத்தில் 300 மரமாவது வெட்டுவீர்கள். அப்போது குத்துகிறதா, இல்லை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மொபைலைக் கையில் எடுத்த பிறகு குத்துகிறதா? மேடு ஏறும்போது வந்து நின்றால் அடங்குகிற வலி என்றால் செவ்வாய் வரை தள்ளாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வருகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய உதவி.

பயம் வந்தால் அட்ரினலின் என்கிற ஹார்மோன் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், நமக்கே தெரியாமல் மூச்சை வேக வேகமாக இழுப்போம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரலும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும், நெஞ்சு இறுகும். உடனே "ஐயோ, கை மரக்கிறதே" என்று இன்னும் பயம். அந்த நேரத்தில் நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஒரு ஐந்து நிமிஷம். முதல் நிமிஷத்திலேயே அடங்காது, விடாமல் செய்யுங்கள்.

கை மரப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். வெட்டுக்கத்தியை வருஷக்கணக்காக இறுக்கிப் பிடிக்கிற கையில் மணிக்கட்டு நரம்பு நசுங்கும். ராத்திரி பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா என்று பாருங்கள்.

ஆக்சிமீட்டரை வீட்டுக்காரியிடம் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த ஈர விரலில் மாட்டினால் அது ஆக்சிஜன் அளவைக் குறைத்துக் காட்டலாம், 93 என்று பார்த்ததும் படபடப்பு ஏறும், மறுபடி மாட்டுவீர்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் வருகிற நிம்மதி கொஞ்ச நேரம்தான், அப்புறம் மனசு திரும்பக் கேட்கும். கூகுளில் தேடுவதும் அதே கதைதான். வெறும் வயிற்றில் கட்டன் (பால் விடாத டீ, காப்பி) மேல் கட்டன் குடிப்பதையும் குறையுங்கள், படபடப்புக்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். பைத்தியத்துக்குத்தானே அது என்று நினைக்க வேண்டாம். கூட வெட்டினவர் திடீரென்று போனால் யாருக்கும் ஆடிப்போகும்.

செவ்வாய்க்கிழமை போகும்போது ஒரு துண்டுச் சீட்டு போதும்: எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தது. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இதய நோய் உண்டா, எந்த வயதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்க்கச் சொல்வார், சொன்னால் பார்த்துவிடுங்கள். பீடி பற்றி நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்று உள்ளபடி சொல்லுங்கள், வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தக் கணக்கை அவரே சொல்லிவிடுவார்.