லண்டனில் அகதிகள் வாரத்துக்கு ஒரு கலை மாலை நடத்த எங்கே தொடங்குவது?

150 பேர் கொள்ளும் சமூக மண்டபம், உங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆட்கள், கூடவே ஆப்கான், சூடான், எரித்திரியக் குடும்பங்களையும் அழைக்கும் எண்ணம். எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேடையை விடுங்கள், முதலில் பஸ் காசைப் பாருங்கள். சாப்பாடு கொடுக்கும் ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டிருக்கும் தஞ்சக் கோரிக்கையாளருக்கு அரசு தரும் கைச்செலவு வாரத்துக்கு ஆளுக்குச் சுமார் 10 பவுண்டு. லண்டன் பஸ்ஸில் போக வரச் சுமார் 3.50 பவுண்டு. 'அனுமதி இலவசம்' என்று போஸ்டர் அடித்தாலும் அவர்களுக்கு அது இலவசமில்லை. பலரிடம் வங்கிக் கணக்கு இருக்காது, பிறகு அனுப்புகிறோம் என்பதும் உதவாது. வாசலிலேயே சில்லறையாகக் கொடுக்க ஒருவரை நிறுத்துங்கள்.

அடுத்தது கலைஞர் சம்பளம். பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழும் இடம் இது. அகதி அந்தஸ்து கிடைத்தவர் வேலை செய்யலாம், அவருக்கு உள்ளூர்க் கலைஞருக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். 'வாய்ப்பு தருகிறோம்' என்பது சம்பளமாகாது. தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருப்பவருக்கோ பொதுவாக வேலை அனுமதி கிடையாது. அறக்கட்டளைக்குத் தன்னார்வமாகப் பங்களிக்கலாம், பயணம், சாப்பாடு போன்ற உண்மையான செலவைத் திருப்பிப் பெறலாம். பரிசு அட்டை கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதையும் ஊதியமாக எடுத்துக்கொண்டால் அடிபடுவது அவருடைய தஞ்சக் கேஸ்தான். ஒரே மேடையில் ஒருவருக்குக் காசு, இன்னொருவருக்கு இல்லை என்பதை முன்கூட்டியே இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நிகழ்ச்சியில் 'என் பயணம்' என்று யாரையும் பேசவைக்காதீர்கள். தஞ்சக் கோரிக்கை நேர்காணலில் அதிகாரிகளிடம் சொன்ன துயரத்தையே ஒலிவாங்கி முன் மறுபடி சொல்ல வைப்பதற்குப் பெயர் வரவேற்பு அல்ல. சிரிய அகதிச் சிறுமியாகச் செய்யப்பட்ட மூன்றரை மீட்டர் உயரப் பொம்மை அமல் 2021-இல் துருக்கியின் காசியான்டெப்பிலிருந்து மான்செஸ்டர் வரை வந்தாள். வழிநெடுக அந்தந்த ஊர்க் கலைஞர்கள்தான் அவளை வரவேற்கும் விதத்தை யோசித்தார்கள். உழைக்க வேண்டியது வரவேற்பவர்.

பாட்டு, வாத்தியம் என்றால் ஒருவருக்கு 8 முதல் 10 நிமிடம் போதும். ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் மெல்லிய ஓசையுள்ளது, பக்கத்தில் மிருதங்கம் இருந்தால் காணாமல் போய்விடும். அதற்கு ஒரு சாண் தூரத்தில் தனி மைக் வையுங்கள், ஒலிச் சோதனைக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஹோட்டலில் இருப்பவர்களைச் சில நாள் அவகாசத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே ஒரே பாடகரை நம்பி மாலை முழுவதையும் கட்டாதீர்கள்.

தேதியைக் குறிக்கும் முன் நாட்காட்டி பாருங்கள். அகதிகள் வாரம் உலக அகதிகள் நாளான ஜூன் 20-ஐ ஒட்டி வரும். 2026-இல் முஹர்ரம் ஜூன் நடுவில் தொடங்குகிறது. ஆப்கானின் ஹசாரா இனத்தவர் உள்ளிட்ட ஷியா முஸ்லிம் குடும்பத்தினர் பலர், துக்க நாட்களான அதன் முதல் பத்து நாளில் இசை நிகழ்ச்சிக்கு வரமாட்டார்கள். (அந்த மாதமே உலகக் கோப்பைக் கால்பந்தும் உண்டு. அதுவும் சின்ன விஷயமில்லை!) எரித்திரிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். ஹலால் கேள்வியும் சேர்ந்தே தீர வேண்டுமென்றால் நெய், தயிர் சேர்க்காத பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சோறு. நம் சமையல்காரர்களுக்கு இது கைவந்த வேலை. ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டு நேரம் தவறிவிடும், பெட்டியில் கட்டிக்கொடுக்கவும் கொஞ்சம் கூடுதலாகச் சமையுங்கள்.

உரிமம் பெரிய தலைவலி இல்லை. சமூக மண்டபத்தில் 500 பேருக்குள், காலை 8 முதல் இரவு 11 வரை, மண்டபப் பொறுப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் இசை நடத்தத் தனி உரிமம் வேண்டாம். மது விற்பதாக இருந்தால் மட்டும் 21 பவுண்டு கட்டித் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு, குறைந்தது 10 வேலைநாள் முன்னதாக. விற்காமல் விட்டால் வருகிறவர்களுக்கும் நிம்மதி.

புகைப்படத்துக்கு 'எடுக்கலாம்', 'வேண்டாம்' என இரு நிற ஒட்டிகளை வாசலில் வையுங்கள். ஊரிலிருக்கும் உறவினருக்கு ஆபத்து என்பதால் முகம் காட்டத் தயங்குவோர் நிறையப் பேர். விளம்பரத்திலோ பதிவிலோ எந்த ஹோட்டலின் பெயரும் வரக் கூடாது.