‘வித்தின் ஒன் மந்த்’ என்றால் முப்பது நாளா?

கேள்வி: கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்காக வாங்கிய காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்தது. வக்கீல் நோட்டீஸை எதிர்த்தரப்பினர் 2025 ஜூலை 2 அன்று பெற்றுக்கொண்டும் பணம் தரவில்லை. ஆகஸ்ட் 18 அன்று புகார் தாக்கல் செய்தேன். சட்டம் சொல்லும் ‘வித்தின் ஒன் மந்த்’ என்பது முப்பது நாள்தான், அது ஆகஸ்ட் 16-லேயே முடிந்துவிட்டது என்கிறார்கள். என் வழக்கு நிற்குமா?

பதில்: காலக்கெடுவைப் பொறுத்தவரை உங்கள் வழக்கு நிற்கும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு, நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்டுவதற்கு 15 நாள் அவகாசம் தருகிறது. கிடைத்த ஜூலை 2-ஐக் கழித்து எண்ணினால் அந்த அவகாசம் ஜூலை 17-இல் முடிந்து, 18 அன்று வழக்குமூலம் (வழக்குத் தொடரும் உரிமை) பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பது 142-ஆவது பிரிவு. நோட்டீஸ் அனுப்புவதற்கு ‘முப்பது நாள்’ என்று எழுதிய அதே சட்டம் இங்கே ‘ஒரு மாதம்’ என்று எழுதியிருக்கும்போது, இரண்டையும் ஒன்றாகக் கொள்ள முடியாது. 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டப்படி மாதம் என்பது ஆங்கில நாட்காட்டி மாதமே. அது 28 நாளாகவும் இருக்கலாம், 31 நாளாகவும் இருக்கலாம்.

வழக்குமூலம் பிறந்த நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1999-இல் சாகேத் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் அக்டோபர் 15-இல் வழக்குமூலம் பிறந்து, நவம்பர் 15-இல் தாக்கலான புகார் உரிய காலத்துக்குள் வந்ததாக ஏற்கப்பட்டது. பின்னர் இதற்கு மாறான தீர்ப்பு ஒன்று வந்ததால் எழுந்த குழப்பத்தை, 2013-இல் ஈகான் ஆன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சாகேத் நிலைப்பாட்டையே உறுதிசெய்து தீர்த்தது. அதன்படி உங்களுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 18. ஜூலை 18-ஐச் சேர்த்தே எண்ணினாலும் கெடு முடிவது ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் கெடு முடிந்தால் நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்பதால், அப்படிப் பார்த்தாலும் எதிர்த்தரப்புக்குப் பயனில்லை.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஜூலை 2 என்ற தேதியைப் பற்றித்தான், ஏனெனில் கணக்கு முழுவதும் அதன்மேல் நிற்கிறது. கையொப்பமிட்ட அஞ்சல் ஒப்புகை அட்டையின் மூலத்தை ஆவணமாகக் குறியீடு செய்யுங்கள். இணையத்தில் எடுத்த அஞ்சல் விவரத்தை நம்பினால், பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் உடன் வேண்டும். நோட்டீஸ் சில நாள் முன்பே சேர்ந்து, கெடு கடந்துவிட்டது என்று அதில் தெரிந்தால், புகார் கோப்பில் ஏற்கப்படுவதற்கு முன்னரே, தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.