மூன்று வாரமாக ஒரே முகம்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த தங்கள் மகள், டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைவதிலேயே மூன்று வாரங்களைக் கழித்துவிட்டார் என்றும், பிறர் வரைந்ததை மறுபடி வரைவதால் என்ன பயன் என்றும் வருந்தி எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மூன்று வாரங்கள் வீணாகவில்லை. எண்ணெய் வண்ணம் நீர் வண்ணத்தைப் போல ஈரம் ஆவியாகி உலர்வதன்று. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சின் மேல் எண்ணெய் குறைந்த பூச்சை அவசரமாக ஏற்றினால் பின்னாளில் வெடிப்பு விழும். ஆகவே கேன்வாஸ் சுவரோரம் சும்மா நிற்கும் நாட்களும் வேலையைச் சேர்ந்தவையே.

1665-ஐ ஒட்டி வரையப்பட்டு, இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தின் உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. மட்டுமே. அந்தச் சிறு பரப்பில் மூக்குத்தண்டுக்கும் அப்புறத்துக் கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை. முத்து என்று நாம் நம்புவது, மேலே ஒரு வெள்ளைத் தீற்றலும் கீழே வெண்ணிறக் கழுத்துப்பட்டையின் மங்கிய எதிரொளியும்தான். காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை. பார்த்து ரசிப்பவர் இவற்றை எளிதில் கடந்துவிடுவார். தன் கையால் வண்ணம் கலந்து, பூசி, தவறி, துடைத்துவிட்டு மீண்டும் பூசியவருக்கே இவை புலப்படும். இதற்காகத்தான் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இன்றும் படியெடுப்போரை உள்ளே அமர அனுமதிக்கிறது. படியின் அளவு மட்டும் மூலத்திலிருந்து வேறுபட வேண்டும்.

ஆயினும் தங்கள் கவலையில் நியாயமும் உண்டு. அச்சுப்படத்தில் எது ஒளி, எது நிழல் என்பதை வெர்மீரே தீர்மானித்துவிட்டார். உயிருள்ள முகத்தின் முன் அதைத் தங்கள் மகள்தான் தீர்மானிக்க வேண்டும். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளின் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கான செய்முறைத் தேர்வில் அந்தத் திறன்தான் கைகொடுக்கும். எனவே இப்படம் முடிந்ததும், இதில் உள்ளது போலவே இடப்பக்கமிருந்து விழும் சன்னல் ஒளியில், நாள்தோறும் அரைமணி நேரம் தாங்களே அவருக்கு எதிரே அமருங்கள்.

உருவப்படம் வரைந்து மட்டுமே வாழ்வது நிச்சயமற்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. பழுதடைந்த ஓவியங்களைச் சீரமைக்கும் துறைக்கு வேதியியலும் வேண்டும், பூச்சடுக்குகளை அறிந்த கையும் வேண்டும். அவர் வேதியியல் படித்திருப்பதால் அந்த வழியையும் விசாரித்து வையுங்கள்.

வண்ணத்தை நெகிழ்த்தப் பயன்படும் டர்பன்டைனின் நெடி தங்காதபடி சன்னல்கள் திறந்திருக்கட்டும். எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை நீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடச் சொல்லுங்கள்.