ஜப்பானின் சாடோ தீவுக்கு இரண்டு நாள் போதுமா? தங்கச் சுரங்கத்தை விட்டால் அங்கே என்ன இருக்கிறது?

போதாது. இரண்டு இரவாவது தங்குங்கள். சின்னத் தீவு என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சாடோவின் பரப்பு 855 சதுர கிலோமீட்டர். 2004இல் தீவிலிருந்த பத்து உள்ளாட்சிகளையும் இணைத்து ஒரே நகரமாக்கியதால், மலை, வயல், மீனவக் குப்பம் எல்லாமே 'சாடோ நகரம்'தான். 1950இல் ஒன்றேகால் லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 51,000. ஆள் குறைந்தால் பேருந்தும் குறையும். அதனால் வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கைப் படிவத்தில் உள்ள பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிதான் ஜப்பானில் செல்லும். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நீகாட்டாவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு நகரப் பேருந்து உண்டு. அங்கிருந்து தீவின் ர்யோட்சு துறைக்குப் பெரிய படகில் இரண்டரை மணி நேரம். ஜெட்ஃபாயில் என்ற விரைவுப் படகில் ஒரு மணி நேரம் சொச்சம். விரைவுப் படகில் இருக்கைப் பட்டையைக் கட்டிக்கொண்டே உட்கார வேண்டும், கார் ஏற்ற முடியாது.

இனி இரண்டாவது கேள்வி. சாடோவில் நீங்கள் பார்க்கப்போகிற அத்தனைக்கும் வேர் அந்தத் தங்கம்தான். அதனால் சுரங்கத்தை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தீவின் அய்காவா என்ற ஊரில் 1601 வாக்கில் தங்கம் கண்டார்கள். டோயு நோ வாரிட்டோ என்ற மலையின் உச்சி இரண்டாகப் பிளந்து நிற்கும். தங்க ரேகையை மேலிருந்து கையாலேயே தோண்டித் தோண்டி உண்டான பிளவு அது: சுமார் 30 மீட்டர் அகலம், 74 மீட்டர் ஆழம். 1989இல் மூடும்வரை இந்தச் சுரங்கம் தந்தது 78 டன் தங்கம், 2,330 டன் வெள்ளி. இரண்டு நடைபாதைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எடோ காலத்து (1603–1868) சோடாயு பாதையை எடுங்கள். உள்ளே கோடையிலும் பத்து டிகிரி அளவில்தான் இருக்கும். மேலே போட ஒன்று கொண்டுபோங்கள்.

சுரங்கத்தின் பெரிய எதிரி தண்ணீர். ஆழம் கூடக்கூட ஊற்று பெருகி, தங்கம் இருந்தும் எடுக்க முடியாமல் போனது. 1691இல் தொடங்கி ஐந்து ஆண்டு குடைந்த மினாமிசாவா வடிகால் சுரங்கம் 922 மீட்டர் நீளம். பல முனைகளிலிருந்து ஒரே நேரத்தில் தோண்டி நடுவில் சேர்த்தார்கள். இன்றும் அதில் நீர் வடிகிறது. 1778 முதல் எடோ (இன்றைய டோக்கியோ), ஒசாக்கா நகரங்களின் வீடற்றவர்களைப் பிடித்து வந்து நீர் இறைக்க விட்டார்கள், சுமார் 1,800 பேர். இரண்டாம் உலகப் போரின்போது கொரியர்கள் ஏறத்தாழ 1,500 பேர் கொண்டுவரப்பட்டார்கள். அதைப் பற்றிய காட்சி அய்காவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

2024 ஜூலையில் புதுடெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில்தான் சாடோ சுரங்கங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்தத் தகுதி எடோ காலத்துக் கைத்தொழிலுக்கு. எல்லாரும் படம் எடுக்கிற, கொடி படர்ந்த கிட்டாசாவா தாது பிரிக்கும் ஆலை கான்கிரீட்டாலான இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம்; அது பாரம்பரிய எல்லைக்கு வெளியே. ஆனாலும் பாருங்கள், பக்கத்தில்தான் இருக்கிறது.

சுரங்க ஊருக்குச் சோறு வேண்டியிருந்தது. அதனால் மலைச்சரிவெல்லாம் அடுக்கு வயலாயிற்று. இவாகுபி கிராமத்தில் இன்றும் பார்க்கலாம். இப்போது தீவின் பெயரை வெளியே எடுத்துச் செல்வது அந்த நெல்தான், கூடவே ஒரு பறவையும். டோக்கி என்ற கொண்டை அரிவாள்மூக்கன் பூச்சிமருந்தாலும் வேட்டையாலும் அழிந்து, கடைசியாக மிஞ்சிய ஐந்தையும் 1981இல் கூண்டில் பிடித்தார்கள். 1999இல் சீனா ஒரு ஜோடி கொடுத்தது. அதிலிருந்து கூண்டிலேயே பெருக்கி, 2008இல் பத்துப் பறவைகளை வெளியே விட்டார்கள். இன்று வெளியில் 500க்கு மேல்.

பறவையை விட்டால் போதுமா, அதற்கு இரை வேண்டாமா? அதன் தீனி அயிரை, தவளை, பூச்சி. நெல் தூர் கட்டியதும் ஜூன் மாதம் வயலைக் காய விடுவார்கள், நம் காய்ச்சலும் பாய்ச்சலும் மாதிரி. அந்தக் காய்ச்சலில் அயிரை செத்துவிடும். அதற்கு 'ஏ' என்று ஒரு வழி: வரப்பை ஒட்டி ஒரு சிறு கால்வாய் வெட்டி, வயல் காயும்போதும் அதில் மட்டும் தண்ணீர் நிற்க விடுவது. உயிர்கள் அங்கே ஒதுங்கிப் பிழைக்கும். இதைப் போல ஒன்றைச் செய்து, அல்லது அறுப்புக்குப் பின் குளிர்காலம் முழுக்க நீர் கட்டி, உரத்தையும் மருந்தையும் பாதிக்கு மேல் குறைத்து, வரப்பில் களைக்கொல்லி அடிக்காமல், ஆண்டுக்கு இருமுறை வயலின் உயிர்களை எண்ணிக் கணக்குக் கொடுத்தால்தான் அரிசி மூட்டையில் நகரத்தின் முத்திரை கிடைக்கும். 2011இல் இந்த வேளாண்மைக்கு ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் அங்கீகாரம் வந்தது. என் கணக்கில் சுரங்கத்தைவிடப் பெரிய சாதனை இதுதான்.

டோக்கியைப் பார்க்க அறுப்பு முடிந்த இலையுதிர் காலம் நல்லது. கோடையில் பயிர் மறைத்துவிடும். காரைவிட்டு இறங்காதீர்கள், இறங்கினால் பறந்துவிடும். பறக்கும்போது சிறகின் அடியில் தெரிகிற வெளிர் ரோஜா நிறத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயரே 'டோக்கி நிறம்'. இனப்பெருக்கக் காலத்தில் கழுத்தில் சுரக்கும் கரும்பொருளைத் தானே பூசிக்கொண்டு சாம்பலாகிவிடும். அது வேறு பறவை இல்லை.

ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோவை, 1434இல் நாடுகடத்தப்பட்டு இங்கே வந்த நாடக ஆசிரியர் செயாமி பரப்பினார் என்று பலர் எழுதுவார்கள். உண்மையில் ஊர் ஊராகப் பரவியது, நடிகர் குடும்பத்தில் பிறந்த ஓகுபோ நாகயாசு சுரங்க அதிகாரியாகக் கலைஞர்களோடு வந்த பிறகுதான். கோயில் மேடைகள் இன்னும் முப்பதுக்கு மேல் உள்ளன. ஜூனில் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுவார்கள். தங்க ரேகையோடு கிடைத்த இரும்புச் செம்மண்ணில் செய்யும் முமியோயி பாண்டங்களை அய்காவாவில் வாங்கலாம். சுடும்போது நிறையச் சுருங்கி இறுகுவதால், தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கும்.

மூன்றாம் நாள் தெற்கே ஓகி. பாறை இடுக்கில் சங்கும் கடற்பாசியும் எடுக்கப் பிறந்த தொட்டிப் படகில் ஏறலாம். பக்கத்தில் கப்பல் தச்சர்களின் ஊரான ஷுகுனேகியின் மரவீட்டுச் சந்துகள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால், அலை உயர்ந்த நாளில் முதலில் நிற்பது விரைவுப் படகு. பெரிய படகும் சில நாள் நிற்கும். ஓகியிலிருந்து எதிர்க்கரை நவோயெட்சு போகும் படகும், சுரங்கத்துக்கு மேலே போகும் ஸ்கைலைன் மலைச்சாலையும் குளிர்காலத்தில் கிடையாது. திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் தீவில் இருக்காதீர்கள். அன்று நீகாட்டாவில் படுங்கள்.