அந்த வியாழக்கிழமையைக் கேட்டு வாங்குங்கள்

வணக்கம் ஐயா,

திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் ஆறாவது வருடமாக மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். சொந்த ஊரும் இந்த மாவட்டம்தான். ஏ.எல். பெறுபேறு வந்த நேரம் பள்ளிக்கூட மதிலில் என் படம் போட்டுப் பதாகை கட்டினார்கள். அம்மா பத்திரகாளி கோயிலில் பொங்கல் வைத்தார்.

இப்போது ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவில் கதிரையில் இருந்தால் வருகிறவரின் முகத்தைப் பார்க்கவே மனம் வருவதில்லை. கொப்பியை வாங்குகிறேன், போன மாதத்து மருந்தையே திரும்ப எழுதுகிறேன், அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன். அண்மையில் ஓர் அம்மா என் முன்னால் இருந்து அழுதார். வெளியே வாங்கச் சொன்ன மருந்துக்குக் காசில்லையாம். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. இரவு அதை நினைத்தபோது என்னை நினைத்தே பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் என்ன செய்து கிழித்தேன் என்றும் தெரியவில்லை. வியாழன் பின்னேரங்களில் சர்க்கரை வியாதிக்காரரின் கால் புண் பார்ப்பேன், அது கொஞ்சம் பிடித்திருந்தது. ஆள் பற்றாக்குறை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் பலர் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். அம்மாவிடம் சொன்னால், "புண்ணியமான வேலை பிள்ளை, அதுக்குப் போய் அலுக்கிறதோ" என்கிறார்.

எனக்கு அர்ப்பணிப்பு குறைந்துவிட்டதா ஐயா? இருக்கவா, போகவா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டொக்டர்,

அர்ப்பணிப்பு குறையவில்லை. அது குறைந்தவர் இரவில் அந்த அம்மாவை நினைத்துப் பயப்பட மாட்டார், நன்றாகத் தூங்கியிருப்பார்.

நான் மருத்துவன் அல்ல. பிரஷருக்கும் சுகருக்கும் மாதாமாதம் கிளினிக் வாங்கில் நம்பரோடு காத்திருக்கிற ஆள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எங்கோ படித்த விஷயமாக இருந்தது. நியூயோர்க்கில் ஓர் இலவசக் கிளினிக்கில் வேலை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிரொய்டன்பெர்கர் 'பர்ன் அவுட்' என்கிற இந்தச் சோர்வைப் பற்றி 1974இல் எழுதினார். அவர் அதை யாரிடம் கண்டார் தெரியுமா? வேலைக்குக் கள்ளம் செய்தவர்களிடம் அல்ல. பகல் வேலை முடித்துவிட்டு இரவில் வந்து பாடுபட்டவர்களிடம், விழுந்து விழுந்து செய்தவர்களிடம். பிறகு 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளரும் ஒரு சகாவும் சேர்ந்து இதை அளக்க ஒரு கேள்விக்கொத்து தயாரித்தார்கள். அது மூன்றைப் பார்க்கிறது: உள்ளே எல்லாம் வற்றிப்போன களைப்பு, எதிரே இருப்பவரை ஆளாக அல்லாமல் ஒரு பொருளாகப் பார்க்கிற நிலை, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். மூன்றையும் நீங்களே வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டிலும் இது இருக்கிறது, ஆனால் நோயாக அல்ல. நீண்ட காலம் சரியாகக் கையாளப்படாத வேலை நெருக்கடியால் வருகிற, தொழில் சார்ந்த ஒரு நிலையாக. ஆகவே கோளாறை உங்கள் மனதுக்குள் தேடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கதிரையைச் சுற்றித் தேடுவோம்.

வாங்கில் இருந்து பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் தெரியும். விடியற்காலை பஸ்ஸில் மூதூர்ப் பக்கமிருந்து கிண்ணியாப் பாலம் கடந்து வந்தவர்கள் ஒரு பக்கம். நேற்று வந்த தடிமனுக்கு வந்தவர் இன்னொரு பக்கம். வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன ஆஸ்பத்திரி இருக்கும்; அதைத் தாண்டிப் பெரியதற்குத்தான் வருவோம். சின்ன ஆஸ்பத்திரி அனுப்பிய துண்டு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஓ.பி.டி.க்கும் நேரே போகலாம். ஏழைக்கு இது பெரிய வரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பாரம் முழுக்கக் கடைசியில் ஒரு கதிரையில் வந்து இறங்குகிறது. அதோடு எழுத்து வேலை. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், டொக்டர்கள் நோயாளியோடு நேரே செலவழிக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் கணினியிலும் மேசை வேலையிலும் போவதாகக் கண்டார்கள். எங்களிடம் கணினி இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், கொப்பி இருக்கிறது.

இதெல்லாம் உடம்புக் களைப்பு. அந்த அம்மா விஷயம் வேறு. என்ன மருந்து வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அது உள்ளே இல்லை. வெளியே வாங்க அவரிடம் காசில்லை. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல், அதைச் சொல்லும் வாயாக மட்டும் உங்களை வைத்திருக்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இப்படியான காயத்தை, மனச்சாட்சியில் விழுகிற காயத்தை, தனியாகப் பிரித்துப் பேசினார். 2018இல் அமெரிக்க டொக்டர்கள் இருவர், "எங்கள் தொழிலில் நடப்பதும் இதுதான், வெறும் களைப்பு என்று சொல்லி முடிக்காதீர்கள்" என்று எழுதினார்கள். உங்களுக்கு வந்த எரிச்சல் அந்த அம்மாவின்மேல் வந்ததல்ல என்றுதான் நினைக்கிறேன். எதிரே இருந்தவர் அவர் ஒருவர்தான், அவர்மேல் விழுந்துவிட்டது.

உங்கள் அம்மாவோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. மரியாதையோடுதான். புண்ணியமான வேலை என்கிற பேச்சுத்தான் உங்களை வாய் திறக்க விடாமல் செய்கிறது. டொக்டர் தெய்வம் என்கிறோம். தெய்வத்துக்கு லீவும் வேண்டாம், நித்திரையும் வேண்டாம் என்று வசதியாக முடிவு செய்துவிடுகிறோம். பிறகு ஒரு சாவு விழுந்தால் கும்பிட்ட கையே கல் எடுக்கிறது, முகநூலில் படம் போடுகிறது. டொக்டர்மாரும் இதை நம்பித்தான் இருந்தார்கள். உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவாப் பிரகடனம் 1948இல் வந்தது. நல்ல சிகிச்சை கொடுப்பதற்காக என் சொந்த ஆரோக்கியத்தையும் கவனிப்பேன் என்ற வரியை அதில் சேர்த்தது 2017இல். 69 வருடம் பிடித்திருக்கிறது!

சரி, இப்போது முக்கியமான விஷயம். உங்கள் கடிதத்தில் அதைப் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்: வியாழன் பின்னேரம்.

2009இல் ஷானஃபெல்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனக்கு மிகவும் பொருளுள்ளதாகத் தோன்றும் வேலைக்கு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது வாரத்தில் ஒரு நாளளவு, செலவிட்ட டொக்டர்களில் சுமார் 30 வீதம் பேர் இந்தச் சோர்வில் இருந்தார்கள். அந்தளவு கிடைக்காதவர்களில் சுமார் 54 வீதம். மற்ற நான்கு நாளும் சொர்க்கமாக இருக்க வேண்டுமென்று இல்லை. அது அமெரிக்கப் பெரிய மருத்துவமனைக் கணக்கு, எங்கள் வாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விஷயம் விளங்குகிறது.

கால் புண்தான் ஏன் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். ஓ.பி.டி.யில் காய்ச்சலோடு வந்தவர் பிறகு என்ன ஆனார் என்று உங்களுக்குத் தெரிய வராது. கதை தொடங்கும், முடிவு கிடைக்காது. கால் புண் அப்படியல்ல. அதே ஆள் திரும்பவும் வருவார், போன கிழமையைவிடப் புண் சுருங்கியிருக்கும், பேர் தெரியும், பேரப்பிள்ளையின் பேரும் தெரியும். இந்த ஊரில் அந்த வேலையின் பெறுமதி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நரம்பு மரத்துப்போன காலோடு, நல்ல வெயிலில், வெறுங்காலில் கோணேசர் மலைக் கல்லில் நடந்துவிட்டு வருவார்கள். கொப்பளித்ததே தெரியாது. என் வாங்குத் தோழர் ஒருவர் செருப்புக்குள் ஆணி இருந்ததை மகள் சொல்லித்தான் அறிந்தார். அந்தக் காலை ஒரு கிழமை முந்திப் பார்த்தால் விரல் மிஞ்சும், பிந்தினால் கணுக்காலே போகும்.

ஆகவே அந்த வியாழனைக் கேட்டு வாங்குங்கள். வாயால் அல்ல, எழுத்தில், வைத்திய அத்தியட்சகருக்கு. முந்தி எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் புண் ஆறியது, கிளினிக் நின்ற பிறகு எத்தனை பேர் வாட்டில் படுத்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துக் கணக்கோடு எழுதுங்கள். எனக்கு மனம் சரியில்லை என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும். கணக்கோடு எழுதினால் ஒருவேளை பின்னேரம் கிடைக்கும்.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். நித்திரை வருவதில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மேலே சொன்னதெல்லாம் பிறகு. தனக்குத் தானே மருந்து எழுதுகிற பழக்கம் உங்கள் ஆட்களுக்கு உண்டு. அதை விட்டுவிட்டு இன்னொரு டொக்டரிடம் நோயாளியாகப் போய் இருங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கமும் இருக்கிறது.

போவது பற்றி. போவது பாவமில்லை. இலவசக் கல்வியில் படித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று பேசுகிறவர்கள், படித்தவரை இருக்க வைக்க நாடு என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். படிப்புக்காகப் போங்கள், சம்பளத்துக்காகப் போங்கள், இரண்டும் நேர்மையான காரணம். இந்த அலுப்பை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2023இலும் 2024இலும் இளம் டொக்டர்கள் சம்பளத்துக்காகத் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கேயும் கதிரை இருக்கிறது, வரிசை இருக்கிறது.

நீங்கள் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதில் சுயநலமும் உண்டு, என் கொப்பியும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் என் ஆலோசனையைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சேர்ந்திருக்கிற லீவை எடுங்கள். வந்து அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். வியாழன் கிடைத்து, ஆறு மாதம் பார்த்த பிறகும் இதே நிலை என்றால் இங்கிலாந்தில் டொக்டராக வேலை செய்ய எழுதுகிற பிளாப் பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள். கேட்டும் தரவில்லை என்றால் ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்